சிரிஞ்சுக்குள் கருத்த வாயு

என் மாணவி ஒருத்தி கண்ணால் கண்டதைச் சரியாகச் சொன்னாள். நானும் அதையே கண்டேன். கண்டும் அவளைப் பொய்யாக்கினேன்.

கொல்லிமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். அன்று சமநிலைப் பாடம். தாமிரத் துண்டின் மேல் நைட்ரிக் அமிலம் விட்டு, எழுந்த பழுப்பு வாயுவைக் கண்ணாடிச் சிரிஞ்சில் பிடித்து முனையை அடைத்தேன். நைட்ரஜன் டை ஆக்சைடு. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் நிறமில்லாத வேறொரு வாயுவாகும். அழுத்தத்தைக் கூட்டினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும் பக்கமாகச் சமநிலை நகரும், ஆகவே நிறம் வெளுக்கும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, முன்வரிசையில் இருந்த அவளை அழுத்தச் சொன்னேன்.

"சார், கருக்குதுங்க."

கருக்கத்தான் செய்தது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சோதனையை அதற்கு முன் நான் செய்ததே இல்லை. சிரிஞ்சை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"மெளகு பொறுக்கிப் பொறுக்கி உனக்கு எல்லாம் கருப்பாத் தெரியுது, கண்ணு."

வகுப்பே சிரித்தது. அதோடு நான் நின்றிருக்கலாம். பரீட்சை முடிந்த சமயம் சோளக்காடு ஊர்ச் சந்தையில் அவள் அப்பா என்னை நிறுத்தினார். "ஏனுங்க சார், புள்ள காலேசுல இதையே படிக்கோணுங்குது. சேத்தலாமுங்களா?"

"உன்னிப்பாப் பாக்கத் தெரியலீங்க. சயின்ஸெல்லாம் அதுக்கு வராதுங்க" என்றேன்.

அந்த விடுமுறையில் தனியாகச் செய்து பார்த்தேன். அழுத்தியதும் வாயு நெருங்குவதால் முதலில் நிறம் கருக்கிறது. அதன் பிறகுதான் மூலக்கூறுகள் சேர்ந்து கொஞ்சம் வெளுக்கிறது. அப்போதும் பழைய நிறத்துக்கு வருவதில்லை. கல்லூரியில் சேரும் காலம் அப்போது தாண்டியிருக்கவில்லை. வெட்கத்தால் வாயைத் திறக்கவில்லை. அவள் காலேஜுக்குப் போகவில்லை.

போன தை மாதம், சோளக்காடு சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த அவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"வெளுத்ததை நான் பாக்கவே இல்லீங்க சார். அதுக்குள்ள பிடுங்கிட்டீங்க" என்று சிரித்தாள். தராசை இறக்கி வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. எனக்குப் படிப்பு வராதுன்னுதான் இன்னும் நெனைச்சுட்டு இருக்காரு" என்றாள்.

அவளோடு பஸ் ஏறி, மலையிலேயே அவள் ஊர் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் மகளைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, சாமி?"

"சொன்னேனுங்கப்பா. சார் பொய் சொல்லமாட்டாருன்னீங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"தப்பு என்னுதுங்க. உங்களுது இல்லீங்க" என்றேன்.

"நம்புனது நானுங்களே" என்றார்.