பூத்த பயற்றை மடக்கிய கதை

வெயில் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் கிழியாத வாழையிலை வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன், கிள்ளான் துறைமுகத்தில் லோரிக்கு எடுபிடியாக ஏறியவன், பிறகு ஓட்டி, பிறகு சொந்தமாக லோரிகள் வைத்தவன், முதுகு மக்கர் செய்ததும் அவற்றை விற்றுவிட்டு கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் வாழை வைத்தவன் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

வாழை வைத்தது பழத்துக்கு இல்லை, இலைக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இலைச்சாப்பாட்டுக் கடைதான் என் பெரிய வாடிக்கை. அதை நடத்தும் பெண்ணுக்கு என் மகள் வயது. ஒரு வெயில் காலத்தில், இலைக்கட்டை இறக்கிய கையோடு என்னை நிற்க வைத்துப் பேசிவிட்டார்.

"அங்கிள், ஓரமெல்லாம் கருகி வருது. துடைக்கும்போதே கீறல் விடுது. நேத்து ஒரு கஸ்டமர் போட்டிருந்த சிலுவார்ல தொடையெல்லாம் ரசம். அவர் ஆபீஸ் போற ஆளு."

"வெயில் அப்படி லா. நான் என்ன செய்ய?"

"அடுத்த வெயில்லயும் இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பார்த்துக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. கணக்குத்தான் போட்டேன். அந்தக் கடை போனால் தோட்டமும் போனதுதான்.

குற்றம் வாழையில் இல்லை, மண்ணில். தொழிற்சாலை கட்டியபோது மேல்மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது மஞ்சள் களி. மழை பெய்தால் வழுக்கும், நாலு நாள் காய்ந்தால் சிமெண்டு. மூட்டை மூட்டையாக உரம் போட்டேன். மழை அதைக் கால்வாய்க்குக் கொண்டு போனது.

பிறகுதான் கைப்பேசியில் அந்த வீடியோ கிடைத்தது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் பேசினார். வாழைக்கு நடுவே பயறு விதையுங்கள், பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள், மண்ணில் ஈரமும் நிற்கும், சத்தும் சேரும் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து அப்படியே எழுந்து கிள்ளானுக்கு வண்டியை விட்டேன். மளிகைக் கடையில் முழுத் தட்டைப்பயறு ஒரு மூட்டை கேட்டேன்.

"என்ன அங்கிள், கோயில்ல அன்னதானமா?" என்றார் கடைக்காரர்.

"மண்ணுக்குச் சாப்பாடு போடப் போறேன்."

"மண்ணுக்கா? அப்ப சாம்பார் பொடி வேணாமா?"

"அது தானா வச்சுக்கும். நீங்க மூட்டையத் தூக்குங்க."

தீபாவளி கழிந்து மழை பிடித்த வாரத்தில் விதைத்தேன். அடடா, அது வந்த வேகத்தை என்னவென்று சொல்வேன். மழை விட்ட ஒவ்வொரு காலையும் ஒரு சாண் ஏறியதுபோல் இருந்தது. பொங்கல் நெருங்கும்போது களிமண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை. வாழைகளுக்கு நடுவே முழங்கால் உயரப் பச்சை, அதில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஊதாப் பூ.

என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மடக்கப் போறேன்."

"பூத்ததையா? மாசமா இருக்கிற பொண்ணு மாதிரிங்க அது. இன்னும் கொஞ்ச நாள்ல காய் விடும். பொங்கல் வர்ற நேரத்துல நீங்க அரிவாள எடுத்தீங்க, நான் இந்தத் தோட்டத்துப் பக்கமே வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். இலையை அளவு பார்த்து நறுக்கிக் கட்டுவதும் அவள்தான். அவள் வராவிட்டால் நான் வெறும் லோரிக்காரன்.

"யாரு வெட்டுறா? மடக்குறதுன்னா வெட்டுறதா? சாப்பிட்டு முடிச்சு இலைய மடக்குறோமே, அந்த மாதிரி."

அவளைச் சமாளிக்கச் சொன்ன பேச்சில்லை இது. நான் புரிந்துகொண்டதே அப்படித்தான். எங்கள் வீட்டில் என் தாத்தா காலம் தொட்டு யாரும் ஏர் பிடித்ததில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரியும், லோரி ஓட்டத் தெரியும். மடக்கி உழுவது என்றால் செடியை மண்ணுக்குள் புரட்டிப் புதைப்பது என்று எங்களுக்கு யார் சொன்னது?

அரிவாள் இல்லை என்றதும் அவளும் இறங்கினாள். வரிசை வரிசையாகக் காலால் சாய்த்து மடக்கினோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பாதிச் செடி எழுந்து நிற்கிறது.

"பாருங்க, உங்களுக்கு வணக்கம் சொல்லுது" என்றாள்.

இங்கேதான் லோரிக்காரன் மூளை. பழைய எண்ணெய் டிரம் ஒன்றை எடுத்து, அதன் மேல் வரிசையாக இரும்புச் சட்டங்களை வெல்டிங் வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கயிறு கட்டி உருட்டினேன். சட்டம் தண்டை நசுக்கும், அறுக்காது. போன இடமெல்லாம் பயறு பாய் விரித்த மாதிரி படுத்தது. பிறகு எழவே இல்லை.

பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வாழைப்பூ வாங்க வருவார். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, மடக்கி உழுறதுன்னா மண்ணுக்குள்ள போகணும்ணே. இது மேலயே கெடக்கு."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. காட்டிக்கொள்வேனா?

"உங்க ஊர்ல பொதைப்பீங்க. எங்க ஊர்ல போர்த்துவோம்" என்றேன்.

ஆனால் அவர் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகம் என்னை விடவில்லை. தைப்பூசம் முடிந்தது. மழை நின்றது. பக்கத்து நிலம் வெடித்துக் கிடந்தது. ஒரு மத்தியானம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு, காய்ந்த பயற்றுப் பாயைத் தூக்கிக் கையை விட்டேன். ஈரம். மண் கறுத்திருந்தது, விரலுக்கு உதிர்ந்தது, ஒரு புழு நெளிந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவள் கையையும் பிடித்து உள்ளே வைத்தேன்.

"ஏர்கோன் போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள்.

அன்று அறுத்த இலைகளோடு இருவருமே பிரிக்பீல்ட்ஸ் போனோம். கடைக்காரப் பெண் எங்களை உட்கார வைத்து, எங்கள் இலையையே எங்கள் முன்னால் விரித்தார். அழுத்தித் துடைத்தார். கீறல் இல்லை. சோற்றைக் குவித்து, அகப்பை நிறைய ரசத்தை ஊற்றிவிட்டு, குனிந்து மேசையைப் பார்த்தார். நான் என் சிலுவாரைப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"எங்க வாங்கினீங்க அங்கிள் இத?"

"வாங்குறதா? அந்த மண்ண வந்து தொட்டுப் பாரு பொண்ணு, அப்புறம் பேசு."

"சரி சரி. வாரத்துக்கு இன்னும் ரெண்டு கட்டு சேர்த்துப் போடுங்க. வேற ஆளெல்லாம் பார்க்கல."

என் மனைவி சாப்பிட்டு முடித்து, இலையை நிதானமாகத் தன் பக்கம் மடக்கினாள்.

"இதுதாங்க மடக்குறது" என்றாள். "நீங்க செஞ்சது வேற."

"வேறதான். அதனாலதான் ரசம் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.