யோசித்துப் பார்க்கிறோம்

தெமாரியா நிறுவனத்தின் ஊழியர் கையேடு, பதினோராம் பக்கம்: “வெளிநிறுவன ஒத்துழைப்புப் பிரிவு மேலாளர், நமது வீடியோ கேம் கருவிக்கு விளையாட்டுகள் செய்து தரும்படி பிற நிறுவனங்களை இணங்கவைத்து, அவர்களை மலர்ந்த முகத்துடன் வரவேற்பவர்.”

மலர்ந்த முகம் உண்மைதான். மற்றபடி, ஒன்பது வருடங்களாக ஒகுதா தெய்ஜி செய்துவந்தது வந்தவர்களை வந்த வழியே அனுப்புவது. அசல் கியோத்தோக்காரர். “யோசிச்சுப் பார்க்கிறோம்” என்று சொல்லி இடுப்பு வரை குனிவார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு ரயிலில் பாதி தூரம் போனபிறகுதான் உறைக்கும்.

எல்லாம் தலைவரின் கொள்கை. “தெருவுல எல்லாக் கடையிலயும் கிடைக்கிற நூடுல்ஸை நாம எதுக்கய்யா விக்கணும்?” என்பார். மற்றவர்களின் கருவியில் பத்துப் பொத்தான்கள். தெமாரியாவின் கருவியில் இரண்டு பொத்தானும், விரலால் சுற்றுகிற ஒரு திருகும். திருகுதான் நம் தனித்தன்மை. வெளியார் எல்லோருமே ஒரே விளையாட்டை எல்லாக் கருவிக்கும் பொதுவாகச் செய்துகொண்டு வந்து, “இந்தத் திருகை விட்டுடலாமே?” என்றார்கள். ஒகுதா யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தத் தனித்தன்மையை வைத்து என்ன செய்வதென்று தெமாரியாவிலும் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். சொந்த விளையாட்டுகளில் அது ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்பட்டது.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் வடகோடித் தீவான ஹொக்கைதோவிலிருந்து நுமாதா சாயே என்ற பெண் வந்தாள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கலாமென்று இருந்தார்கள். உறைந்த ஏரியின் படம் ஒன்றை விரித்து அரைமணி நேரம் பேசினாள். ஒகுதா பாதியைக்கூடக் கேட்கவில்லை. அடக்கத்தோடு, “நல்ல கடிகாரம் கட்டியிருக்கீங்க” என்றார். நேரமாகிறது, கிளம்புங்கள் என்று பொருள்.

அவள் கழற்றியே கொடுத்துவிட்டாள். “எங்கப்பாவோடது. திருப்பிப் பாருங்க, பேரு பொறிச்சிருக்கு.”

“இன்னொரு கோப்பை தேநீர் சாப்பிடுறீங்களா?” இதற்கும் அதே பொருள்.

“குடுங்க குடுங்க. உங்க ஊர்த் தேநீர் பிரமாதம்.”

வேறு வழியில்லாமல் ஒகுதா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “யோசிச்சுப் பார்க்கிறோம்.”

“ரொம்ப நன்றிங்க! நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்க செஞ்சே முடிச்சிடுவோம்.”

பத்து மாதம் கழித்து, செய்து முடித்துக்கொண்டு வந்து நின்றாள். “நாலு பேரும் பார்த்த வேலையை விட்டுட்டோம், ஒகுதா-சான். உங்க வார்த்தையை நம்பித்தான்.”

ஒகுதா மெல்ல ஆரம்பித்தார். “நுமாதா-சான்... எங்க ஊர்ல யோசிக்கிறோம்னா...”

“ஆமா, யோசிக்கிறோம்னா?”

“முதல்ல விளையாட்டைக் காட்டுங்க” என்றார் கோழைத்தனமாக.

உறைந்த ஏரி, பனியில் ஒரு துளை, அதில் ஒரு தூண்டில். திருகுதான் தூண்டிலின் சுருள். வேகமாகச் சுற்றினால் நூல் அறும். மெதுவாகச் சுற்றினால் மீன் போய்விடும். ஒகுதா மூன்று மீன்களை நழுவவிட்டார். நான்காவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஒகுதா-சான், இன்னொரு கோப்பை தேநீர் கிடைக்குமா?”

“சும்மா இரும்மா, மீன் ஓடிடும்.”

மாலையே தலைவரிடம் போனார்.

“வெளியாள் சரக்கு வேண்டாம்னு எத்தனை தடவைய்யா சொல்றது?”

“வெளியாள்தான் ஐயா. ஆனா இதை வேற எந்தக் கருவியிலயும் விளையாட முடியாது. நம்ம தனித்தன்மை என்னன்னு ஹொக்கைதோலேர்ந்து வந்து ஒரு பொண்ணு சொல்லவேண்டியிருக்கு.”

தலைவர் திருகைச் சுற்றினார். நூல் அறுந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி அறுந்தது. கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு, மலர்ந்த முகத்துடன் சொன்னார்: “யோசிச்சுப் பார்க்கிறேன்.”

தலைவரும் அசல் கியோத்தோக்காரர். அந்தச் சொல்லின் பொருளை ஒகுதாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதை மாற்றிப் புரிந்துகொண்டாலும், தலைவர் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று பச்சையாகச் சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

“ரொம்ப நன்றிங்க, ஐயா” என்று இடுப்பு வரை குனிந்தார்.

பிறகு தன் அறைக்கு வந்து, நுமாதா சாயேயின் ஒப்பந்தத்தில் ‘தலைவர் சம்மதித்தார்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.