அப்பா பெட்டியில் என் நம்பர்

எங்க தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்த பிறகுதான் மகளுக்குப் பேர் பதியப் போனேன். மலைநாட்டில், றொசல்லயிலிருந்து மேலே ஏறுகிற தேயிலைத் தோட்டம். வீட்டில் ஒருத்தராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து வரிசையில் குடியிருக்கிற ஒற்றை அறை, அந்தக் காம்பிரா, நமக்கு. எனக்கோ ஓய்வுக்குப் போகிற வயசு கிட்ட வந்துவிட்டது. மகளை விட்டால் வேறு ஆளில்லை.

கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனுசன், சத்தம் போட்டுப் பேசமாட்டார். மகளின் பேரை அடித்தார், பிறந்த தேதியை அடித்தார், அப்புறம் நின்றுவிட்டார்.

“தகப்பன்ர அடையாள அட்டை நம்பர் வேணும், அம்மா.”

“அட்டை எடுக்காமலே செத்துப்போனாருங்க.”

பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த மனுசன், பதில் வருவதற்குள் நெஞ்சுச்சளியில் போய்விட்டார். நம்பருக்கு நான் எங்கே போக? கிளாக்கர் அந்தப் பெட்டியைச் சும்மா விட்டுப் பார்த்தார். சைபராகப் போட்டுப் பார்த்தார். ஒரு பெட்டி சரியில்லையென்றால் மொத்த வரியையும் அந்த மிசின் தள்ளிவிடுமாம்.

“உங்கட கொழுந்தன்ர நம்பரைப் போடுவமே? மிசினுக்குத் தெரியவா போகுது?”

“லயத்துக்குத் தெரியுமுங்க. எம்மக அந்தாளுக்கா பொறந்தா?”

அவர் மிசினிலிருந்து கையை எடுத்தார்.

“என் நம்பரப் போடுங்க. அவளுக்கு அப்பனும் நான்தான்.”

“தகப்பன்ர பெட்டியில தாயின்ர நம்பரோ?”

“பொம்பள நம்பருன்னா கசக்குதா அதுக்கு?”

போட்டார். மிசின் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு ஆபீஸ் படியிறங்கி, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் லயத்துக்கு வந்தேன்.

சில வருசம் மகள் கொழுந்து எடுத்தாள். பிறகு எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அடுத்து வந்த பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற இடத்தில், கணக்கப்பிள்ளை பேர் வாசித்து, எல்லாருக்கும் கொழுந்தெடுக்கத் தேயிலை நெரை பிரித்துக் கொடுத்தாராம். மகள் பேரை மட்டும் வாசிக்கவில்லை. மழையில் நனைந்து வெறுங்கூடையோடு வந்து வாசலில் நின்றாள்.

ரெண்டு பேரும் ஆபீசுக்கு ஓடினோம். கிளாக்கர் மிசினில் தேடிப் பார்த்தார்.

“ஓய்வெண்டு உங்கட நம்பரை மூடின உடன, அதில தொங்கின மகளின்ர வரியையும் சேர்த்து எடுத்துப்போட்டுது.”

“அப்ப மறுபடி ஏத்துங்க.”

“இனிப் புதுப் பேர் எடுக்க வேண்டாமெண்டு துரை சொல்லிப்போட்டார்.”

“இது புதுப் பேரா? இத்தனை வருசமா கொழுந்து எடுக்கிறவ.”

“எனக்குத் தெரியும், அம்மா. மிசினில இல்லையே.”

தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா கேட்டிலும் போய் நின்றேன். காவல்காரன் உள்ளே விடவில்லை.

மகள் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அந்த வருசமே காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கொழுந்தன் வீட்டு இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், படுக்கிறேன். மழை பெய்தால் சாரல் பாய்வரைக்கும் வரும்.

“அன்னைக்கே எந்நம்பரப் போட விட்டிருக்கலாம், மதினி” என்பார் கொழுந்தன், பாயை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டே.

“உங்க அண்ணன் பொண்டாட்டிகிட்ட பேசுறீங்க, தம்பி” என்பேன்.