இடம் விடாத பக்கம்

நான்கே இதழ்களாக நாங்கள் கொண்டுவந்த சூப்பர் ஹீரோ சித்திரக்கதையில், கடைசி இதழின் பதினேழாம் பக்கத்தை மட்டும் இப்போதும் நான் பார்க்காமல் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். கதை எழுதியவன் நான். வரைந்தவர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்து ஓவியர் ஒருவர். முதல் இதழைப் படித்தவர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். என்னை நானே மெச்சிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், சரக்கு அப்படி. நாயகன் பெங்களூரில் தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன். நிலத்தடி நீர் அவன் சொன்னபடி கேட்கும். ஆனால் ஒவ்வொரு முறை சக்தியைப் பயன்படுத்தும்போதும் தனக்கு வேண்டிய ஒருவரை மறந்துபோவான்.

அந்த மறதி ஓவியர் கொடுத்தது. வால்வ்மேனாக இருந்த அவருடைய அப்பா, கடைசிக் காலத்தில் டீ கொண்டுவந்த மனைவியையே யாரென்று கேட்டாராம். அப்போது அம்மாவின் முகம் போன போக்கை வரைவதற்காகவே இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. வெறும் மறதியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று மூன்றாம் இதழில் ஒரு விண்கலத்தை இறக்கினேன். அதன் பிறகு ஒரே அடிதடி. மறதி மூலைக்குப் போய்விட்டது. கதையைக் குட்டிச்சுவராக்கியதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

அந்த அமளியிலும் ஓவியர் தனக்கென்று கேட்டு வாங்கியது ஒரே ஒரு பக்கம். எப்போதும் ஒவ்வொரு கட்டத்திலும் வசனக் குமிழுக்கு இடம் விட்டுத்தான் வரைவார். இதில் ஓர் அங்குலம் கூட விடவில்லை. பக்கம் முழுக்க, நாயகன் மறந்துபோன மனைவியின் முகம்.

“இதுல பேச்சு வேணாம் சார். அப்டியே உட்ருங்க.”

தலையாட்டினேன். அச்சுக்குப் போகும் நேரத்தில், விண்கலம் எங்கே போயிற்று என்று வாசகர்கள் கேட்பார்களே என்று தோன்றியது. முகத்தின் மேலேயே குமிழை வைத்துவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

இதழைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படம் படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். வாயும் கன்னமும் குமிழுக்கடியில் போய்க் கண்கள் மட்டும் தெரிந்தன.

“என் மூஞ்சி மேல இன்னாவோ எழுதிக்கீதே, படிச்சு சொல்லுப்பா.”

‘விண்கலம் தப்பிவிட்டது! விரைந்து செல்லுங்கள்!’ என்று இருந்தது. ஓவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாரும்மான்னு அவரு கேக்குறாரு” என்றேன்.

“ஆமா” என்றார் அம்மா. “அப்டியேதான் கேட்டாரு.”

ஓவியர் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எதுவும் வரைந்து தரவில்லை.