நாற்பத்தொன்றாம் எண் டோக்கன்

'டோக்கனைக் கொண்டு வருபவரிடம் பொருள் திருப்பி ஒப்படைக்கப்படும்.' சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பை வைக்கும் இடத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் இப்படி எழுதி மாட்டியிருந்தார்கள். அதில் 'ஆனால்' கிடையாது, 'எனினும்' கிடையாது. வெள்ளிக்கிழமைக்குத் தனி விதி என்றும் இல்லை. மலேசியாவில், கோல சிலாங்கூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒரு விதியை எழுத எங்கள் இலாகாவில் யாருக்கும் தெரியாது. படித்ததும் அந்தக் கடையின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அதுதான் நான் செய்த முதல் தவறு.

மனைவி, மகள், நான் என்று மூன்று பேர் நான்கு நாள் விடுமுறையில் போயிருந்தோம். மகள் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வருட விடுப்பில் மிச்சம் இருந்ததை எங்களுக்காக எடுத்திருந்தாள். கடைசி நாளான வெள்ளிக்கிழமை சாப்பிடவும் சாமான் வாங்கவும் என்று ஒதுக்கியிருந்தோம். மறுநாள் காலை விமானம்.

சாமான் என்று நான் சொன்னாலும், மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எனக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தபோது அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். புக்கிட் பெலிம்பிங் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்து முருகன் கோயிலுக்கு ஒரு பித்தளை வேல், அதுவும் தமிழ்நாட்டில் போய் வாங்கிய வேல். ஜனவரியில் எனக்கு வரவிருந்த மறுபரிசோதனைக்கு முன் அதைக் கோயிலில் வைத்துவிட வேண்டும் என்று கெடுவும் அவளே போட்டிருந்தாள். இதில் என்னிடம் யாரும் கலந்து பேசவில்லை. நெஞ்சு மட்டும்தான் என்னுடையது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிள்ளானிலேயே அதே வேல் கிடைக்கும் என்றேன். "கிள்ளான்ல வாங்குனா மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்லா. வேண்டுதலுக்கு அலையணும்" என்றாள். அலைந்தோம்.

காலையில் மயிலாப்பூரில் ஓர் உணவகம். பசியாற என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டதும் பரிமாறுபவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். அதற்கும் சிலோன் என்றே தலையாட்டிவிட்டுப் போனார். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது. கோப்பிதான் எங்கள் ஊரில் மருந்து குடிக்கும் அளவு. முதலில் காசு கட்டி டோக்கன் வாங்கி, டோக்கனைக் கொடுத்தால் கோப்பி வந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் டோக்கன். மீதிச் சாதத்தைத் தப்பாவ் கட்டிக் கொண்டுபோகலாமா என்று மகள் கேட்க, சாப்பாட்டைப் பொட்டலம் கட்டுவதில்லை என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்கள். எனக்கு அதிலும் கோபமில்லை. எழுதி வைத்திருந்தார்கள், எழுதியபடி நடந்தார்கள்.

இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவில் வேல் வாங்கினோம். கோயில் குளத்துக்கு அருகில் ஒரு பாத்திரக்கடை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான உயரம், நல்ல கனம். மனைவி அதை மஞ்சள் துணியில் சுற்றினாள், நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தினாள். ஆட்டோவில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். என் கால் அதன் பக்கம் வரக்கூடாது என்பதால் நான் தியாகராய நகர் வரை உடம்பைத் திருகி உட்கார்ந்து வந்தேன்.

ஜவுளிக்கடைக்குள் பை எடுத்துப் போகக்கூடாது. வாசலில் ஒப்படைக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் அந்த வேலைக் கையில் வாங்கிக் கீழ்த்தட்டில், யாருடைய செருப்புப் பைக்கோ பக்கத்தில் வைக்கப் போனாள். மனைவி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது வேல்மா. வேண்டுதல் வேல். கீழ வைக்காத. சாமி இருக்கிற எடத்துல வையேன்."

அந்தப் பெண்ணும் நல்லவள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்லாவுக்குப் பின்னால் கடையின் பூஜை மாடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். என் கையில் நாற்பத்தொன்று என்ற பித்தளை வில்லையைத் தந்தாள். ஒரு பொருள் அதற்குரிய தட்டை விட்டு வேறு இடத்துக்குப் போகிறது, பதிவு ஏதும் இல்லை. நான் அப்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும். மகள் அதற்குள் மின்தூக்கியில் ஏறிவிட்டாள்.

மூன்று மணி நேரம் சேலை பார்த்தோம். இரண்டு சேலை வாங்கினோம். கீழே வந்தபோது மணி ஆறரை. கவுண்டரில் ஆள் மாறியிருந்தார்கள். புது ஆள் டோக்கனைப் பார்த்தார், நாற்பத்தொன்றாம் தட்டைப் பார்த்தார், காலி என்றார். மாடத்தைக் காட்டினேன். அங்கே விளக்கு ஏற்றியிருந்தது. எங்கள் வேலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லிகைச் சரமும் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். பட்டையாக விபூதி பூசிய, அமைதியான மனிதர்.

"வெள்ளிக்கிழம விளக்கு வெச்சப்புறம் சாமி மாடத்துலேர்ந்து எதையும் வெளிய குடுக்கற பழக்கம் இல்ல சார். காலைல பத்து மணிக்கு வாங்க, மொதலாளியே எடுத்துக் குடுப்பாரு."

காலை பத்து மணிக்கு நாங்கள் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்போம் என்றேன். பலகையை வாசித்துக் காட்டினேன். இது பழக்கம், அது விதி, இரண்டும் மோதினால் எழுதியதே செல்லும் என்று விளக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "கரெக்ட் சார்" என்றார். என்னைப் போல் முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. மனைவி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவுங்க சொல்றதும் சரிதாங்க. எரியிற வெளக்குக்கு முன்னால இருந்து எப்படித் தூக்குறது?"

"உன் வேல், உன் வேண்டுதல். நீ அவங்க கட்சியா?"

"அப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பார்க்கறாங்க. கொரியர்ல அனுப்புவாங்க லா" என்றாள் மகள்.

அனுப்புவதாக மேற்பார்வையாளரும் சொன்னார். எங்கள் முகவரியை ஒரு பழைய சேலைப் பெட்டியின் மூடியில் எழுதிக்கொண்டார். எழுத்தில் அத்தாட்சி கேட்டேன். சிரித்தார். டோக்கனைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. பொருள் வராமல் டோக்கன் போகக்கூடாது. அசலை எந்தக் காலத்திலும் கையை விட்டு அனுப்பக்கூடாது என்பது நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றது.

ஊருக்கு வந்ததும் மனைவி அந்தப் பித்தளை வில்லையை எங்கள் சாமி மேடையில் வேலுக்குப் பதிலாக வைத்துக் குங்குமம் இட்டாள். நான் அதற்கு முன்பே இருபுறமும் நகல் எடுத்துவிட்டேன். டிசம்பரில் முதல் கடிதம், பதிவுத் தபாலில், நகல் இணைத்து. பதில் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் நினைவூட்டல், முதல் கடிதத்தின் தேதியையும் பலகையின் வாசகத்தையும் மேற்கோள் காட்டி. பதில் இல்லை. கிள்ளானுக்குப் போய் வேறு வேல் வாங்கி வருகிறேன் என்றேன். "வேற வேலுக்கு உங்க நெஞ்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

மறுபரிசோதனை நாள் வந்தது. வேல் வரவில்லை. மருத்துவர் என் இதயம் முன்பு போல் அடிக்கவில்லை என்றார். ஒரு மாத்திரையைக் கூட்டினார், மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். காரில் வீடு திரும்பினோம். கேட் அருகே வண்டியை நிறுத்தியதும் மனைவி இறங்கி, தபால் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான். தூக்கமும் குறைந்துவிட்டது. நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல் படுத்திருப்பேன்.

பிப்ரவரியில் மூன்றாவது கடிதம் எழுதினேன். இறுதி நினைவூட்டல் என்று தலைப்பிட்டு, பிறகு அதை அடித்துவிட்டேன். மேற்கோள் இல்லை, இணைப்பு இல்லை. 'ஐயா, அந்த வேல் வராமல் என் மனைவி உறங்குவதில்லை. அனுப்பி உதவுங்கள்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி ஒரு கடிதத்தை என் மேசைக்கு யாராவது அனுப்பியிருந்தால், விவரம் போதாது என்று திருப்பியிருப்பேன்.

அதற்குத்தான் பதில் வந்தது. நான் நண்பர் ஒருவருடன் செகிஞ்சான் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினேன். மனைவி பிரிக்காத உறையுடன் வாசலிலேயே நின்றிருந்தாள். முதலாளியே கைப்பட எழுதியிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். வேலுக்குத் தினமும் பூஜை நடக்கிறது, என் பெயரைச் சொல்லித்தான் விளக்கு ஏற்றுகிறார்கள், உடனே அனுப்பிவிடலாம். கடை விதிப்படி அசல் டோக்கன் மட்டும் தேவை, நகல் செல்லாது, தயவுசெய்து அனுப்பி வைக்கவும்.

இரண்டு முறை படித்தேன். குற்றம் சொல்ல ஒரு சொல் இல்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். டோக்கனை எடு, இப்போதே உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன், காலையில் முதல் தபாலில் போய்விடும் என்றேன்.

மனைவி சாமி மேடையைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வில்லையின் மேல் புதுப் பூ இருந்தது.

"விடியட்டுங்க. குளிச்சிட்டு நானே எடுத்துத் தாரேன்."

பேச வாயெடுத்தேன். சுவரில் இருந்த நாட்காட்டி கண்ணில் பட்டது. மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை.