இத்தாலிக்காரியின் சத்தம்

அந்த மோட்டார் சைக்கிள் என் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்தது. சுனாமியில் கடல் அடித்துப்போன அடுத்த வருடம், கல்முனையில் பாதி ஊர் தகரக் கொட்டிலுக்குள் இருந்த நேரம். எங்கோ ஒரு பெரிய மரத்தைப் பிளப்பதுபோலக் கனத்த வெடிச்சத்தம் தெருவால் வந்து என் பட்டறை வாசலில் நின்றது. திடுக்கிட்டதில் என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது. சிவப்பு நிறம், ஆள் உயரத்துக்கு இருக்கை, ஒரே ஒரு பெரிய சிலிண்டர், நாரையின் கால்கள்போல நீண்ட முன் ஃபோர்க்குகள். அதன்மேல் வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் ஃபாதர் இருந்தார். அகதி முகாம்களுக்கும் வயலுக்கு அப்பாலுள்ள கிராமங்களுக்கும் போய்வரட்டும் என்று, அவர் முன்பு படித்த இத்தாலியில் ஒரு கோயில் சபையார் சேர்ந்து கப்பலில் அனுப்பிய வாகனம் அது. தார் றோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும். “பாஸ், இவளப் பாக்க ஒரு ஆள் வேணும். நீங்க நல்லாப் பயப்படுற ஆளாம், கேள்விப்பட்டன். அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும்” என்றார். எங்கள் பகுதியில் மேசனையும் மெக்கானிக்கையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பயத்துக்காக ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை, மெக்கானிக் வேலைக்குப் பயம் தேவை. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். இறுக்கிய நட்டை இன்னொருமுறை தொட்டுப் பார்ப்பவனின் வாகனம் நடுவழியில் நிற்காது. இத்தாலிக்காரியிடம் (என் மனைவி வைத்த பெயர், “ஒங்கட இத்தாலிக்காரி வந்துட்டா, சோத்த மூடி வைக்கிறன், போங்க” என்பாள்) எனக்கு வந்த முதல் கவலை உப்பு. ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் கடற்காற்றைச் சகித்துக்கொள்ளும். இவளுடைய நட்டுகள் ஒரு மாதத்தில் செம்பட்டையாகப் பூத்தன. ஒவ்வொரு மாலையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். கழுவக் கழுவத் துரு கூடியது. ஒருநாள் யோசனை வந்து அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் புகுந்த கிணறு, அப்போதும் கரித்தது. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் கரையில் அந்த வருடம் எத்தனையோ பேர் சைக்கிளையும் தையல் மெசினையும் இப்படித்தான் கழுவிக் கெடுத்தார்கள். அதன்பிறகு வயல் வாய்க்காலிலிருந்து பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் அள்ளி வந்தேன்.

வேறு மாற்றங்களும் செய்தோம். முன் சக்கரத்தை ஒட்டியிருந்த மட்காட்டுக்குள் வயற்களி இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அதை வெட்டி எடுத்துவிட்டு, கரையில் தோணி திருத்துபவர்களிடம் ஃபைபரில் ஒன்று வார்ப்பித்து, ஒரு சாண் உயரத்தில் பூட்டினேன். எஞ்சினின் அடிவயிறு கல்லில் மோதாமலிருக்க ஓர் இரும்புத் தகடு வேண்டும். கடல் என் வீட்டை எடுத்துவிட்டு வாசல் இரும்புக் கேற்றை மட்டும் விட்டுப்போயிருந்தது. ஆட்கள் மிஞ்சியிருந்தோம், அல்ஹம்துலில்லாஹ். வீடில்லாத கேற்றை என்ன செய்வது? வெட்டி வளைத்து அவளுக்கு அடித்தகடாகப் பூட்டினேன். அது எந்தக் கேற்று என்று ஒருநாள் ஃபாதருக்குத் தெரிந்தது. குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

பெரிய சிக்கல் சத்தத்தில்தான் வந்தது. ஊருக்கு மேற்கே வயல் றோட்டில், வாய்க்கால் பாலத்தில் ஆமியின் சென்றிக் காவலரண் இருந்தது. பாலத்துக்கு முன் ஒரு வளைவு, இரு பக்கமும் மூங்கில். வருகிறவர் யாரென்று கடைசி நிமிடம்வரை காவல்காரருக்குத் தெரியாது. ஆனால் ஃபாதர் வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். துவக்கைத் தாழ்த்திவிட்டுத் தடுப்புத் தடியைத் தூக்கத் தயாராக நிற்பார்கள். “என்ட அடையாள அட்ட சைலன்சருக்குள்ளதான் கிடக்கு” என்று ஃபாதர் சிரிப்பார். அதேநேரம் ஊருக்குள் அந்தச் சத்தம் தொந்தரவாக இருந்தது. தொழுகை நடக்கும்போது அவர் பள்ளிவாசலைக் கடந்தால் ஓதுகிற இமாமின் குரல் கேட்காது. யாரும் அவரிடம் முறையிடவில்லை, என்னிடம்தான் பகிடியாகச் சொன்னார்கள்: “ஒங்கட ஃபாதர் நம்மட ஜும்மாவுக்கு வெடி போட்டுட்டுப் போறாரு.” நான் அதை அவரிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. “இத ஏன் முதலே சொல்லல்ல? இண்டைக்கே அமத்திப்போடுங்க” என்றார். அமர்த்திவிட்டால் பாலத்தில் என்ன நடக்கும்? அந்த மாதம்தான் எங்கோ ஒரு சென்றிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ குண்டெறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். சத்தமில்லாமல் வளைவால் வெளிப்படுகிற எதையும் அவர்கள் சுடுவார்கள்.

இரண்டு இரவு தூக்கமில்லாமல் புரண்டு ஒரு வழி கண்டேன். புகைக்குழாய்க்குள் ஒரு பித்தளைத் தகடு, கதவுபோல. அதிலிருந்து ஒரு வயர், கிளச் பிடிக்குக் கீழே பிள்ளைகளின் சைக்கிளில் கழற்றிய பிரேக் பிடி. இடது கையின் இரண்டு விரலால் பிடித்தால் தகடு மூடும், சத்தம் அடங்கும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திறந்துவிடும். மறதியிலும் சத்தம் வரட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். ஃபாதர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பாஸ், இத்தாலிக்காரன் கண்டா அழுவான்” என்றார். மெச்சினாரா பகிடி பண்ணினாரா என்று இன்றைக்கும் தெரியாது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஃபாதர் மெதுவாக, சத்தமில்லாமல் கடந்து போனார். என்னைக் கண்டு கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. அவர் தூக்கியது இடது கை. அந்தக் கை பிடியில் இல்லாமல் சத்தம் எப்படி அடங்கியிருந்தது? பிடியை எதையோ கொண்டு கட்டியிருக்கிறார். மேற்கே திரும்புகிறார். கட்டியதை மறந்து பாலத்துக்குப் போனால்?

செருப்பு கிடைக்கவில்லை. வெறுங்காலோடு என் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். வழியில் ஒரு முகாமில் ஃபாதர் எப்போதும் சற்று நிற்பார். அது எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வயல் வரம்பால் குறுக்கே போனால் பாலத்துக்கு முந்தலாம். வரம்பில் விழுந்து எழும்பி, ஹோனை விடாமல் அமுக்கிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தியபடி சென்றிக்கு முன்னால் போய் நின்றேன். தொப்பியும் சேறும் வெறுங்காலுமாக என்னைக் கண்ட சிப்பாய், “மொகத பாஸ்?” என்றான். என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் தொண்டைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. “ஃபாதர் எனவா. சத்த நே. சத்த நே” என்றேன். ஃபாதர் வருகிறார், சத்தமில்லை. அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் வாயால் அந்த எஞ்சினைப்போல இரைந்து காட்டி, பிறகு வாயைப் பொத்திக் காட்டினேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். அந்த நொடி மூங்கிலுக்குள் சிவப்பு தெரிந்தது. மண் மூட்டைக்குப் பின்னால் இருந்தவனின் துவக்கு எழும்பியது. சிப்பாய் திரும்பி உரத்து ஒரு சொல் கத்தினான். துவக்கு அப்படியே நின்று, மெல்லத் தாழ்ந்தது.

ஃபாதருக்கு ஒன்றும் தெரியாது. “என்ன பாஸ், ஜும்மா முடிஞ்ச கையோட ஆமிக்காரனோட விருந்தா?” என்று கேட்டபடி வந்து நின்றார். நான் பிடியைக் காட்டினேன். பழைய டயர் ரியூப் றப்பரால் வரிந்து கட்டியிருந்தது. “இது என்ன வேல ஃபாதர்?” என்று கேட்டேன்.

“கை உளைஞ்சிச்சு பாஸ். ஒரு பள்ளிவாசல் முடிய மத்தப் பள்ளிவாசல், ஒண்ட விட்டா ஒண்டு. ஆருக்குக் கூட்டி ஆருக்குக் குறைக்கிற?” என்று தொடங்கியவர், மண் மூட்டைப் பக்கம் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். றப்பரை அவிழ்த்து என் கையில் தந்தார். பிறகு சேறு படிந்த என் காலைப் பார்த்து, தன் செருப்பை என் முன்னால் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கியரை மிதித்துப் பாலத்தைக் கடந்தார்.

சில வருடம் கழித்து, யுத்தம் முடிந்த வாரம் பல இடங்களில் வெடி கொளுத்தினார்கள். பாலத்தில் சிப்பாய்கள் பாற்சோறு பகிர்ந்தார்கள். வன்னியிலிருந்து ஃபாதருக்கு வந்தவை சாவுச் செய்திகள். அதில் ஒருநாள் அவர் கோயில் வாசலில் பிடித்த பிடியை விடவில்லை. பள்ளிவாசலைக் கடந்தும், வயலைக் கடந்தும், வளைவிலும் விடவில்லை. பயத்தில் நான் பின்னாலேயே போனேன். சிப்பாய் அந்த இரண்டு விரலையும் பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தடியைத் தூக்கினான்.

இப்போது பாலத்தில் சென்றி இல்லை. கார்ப்பெட் றோட்டில் கடலலையில் சறுக்க அறுகம்பேக்குப் போகிற வெளிநாட்டுப் பொடியன்கள் பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் பறக்கிறார்கள். பழுதானால் என்னிடம்தான் வருகிறார்கள். எவன் எந்த நாட்டு எஞ்சினைக் கொண்டுவந்தாலும் எனக்குக் கை கூசுவதில்லை. ஃபாதர் தலை நரைத்து வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இத்தாலிக்காரியின் சேர்விசுக்கு மட்டும் இங்கேயே வருகிறார். போன தடவை வந்தபோது கேட்டேன்: “இப்ப ஆமிக்காரனுக்குச் சத்தம் காட்டத் தேவல்லதானே ஃபாதர். தகடு, வயர் எல்லாத்தயும் கழட்டிப்போட்டு, நல்ல அமைதியான சைலன்சர் ஒண்டு போடுவமா? ஒங்கட கைக்கும் சுகம்.”

அவர் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். “எந்நேரமும் அமைதியாப் போனா, பள்ளிக்கு முன்னால நான் மரியாத குடுக்கிறன் எண்டு ஆருக்குப் பாஸ் தெரியும்?”

புது வயர் போட்டு, எண்ணெய் விட்டு, பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, நாலாவது தரமும் இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன். தெரு அதிரப் புறப்பட்டுப் போனார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். பள்ளிவாசல் முடக்குத் திருப்பத்தை அடைந்ததும் அந்தச் சத்தம் மளமளவென்று தாழ்ந்து இல்லாமல் போனது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் யாரோ கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “ஃபாதர் போறாரு.”