செம்பனைக்குள் சிக்னல் தேடிய கிரேஸ் அக்கா

பாக்கார் ஆராங்கில் ஒரு வீட்டுக் கூரையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அலோர்ஸ்டார் மெர்கோங்கிலிருந்து கிரேஸ் அக்காவின் தம்பி பேசினார். "காலையில போயிட்டாங்க. நீங்க வேலையில இருப்பீங்க. முடிச்சிட்டு மெதுவா வாங்க, அவங்களும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றார். நான் முடிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் முத்துவை ஏற்றிக்கொண்டு அலோர்ஸ்டாருக்குக் காரை விட்டேன்.

லூனாஸ் பக்கம் எங்களிடம் கம்பியில்லா இணைய இணைப்பு வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். நாங்கள் மூவர் தொழில் பங்காளிகள். வாடிக்கையாளர்களை நான் பார்த்துக்கொள்வேன், டவரில் முத்து ஏறுவார், எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதை அக்கா முடிவு செய்வார். அவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்து அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பம் அது. வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எங்களோடு சேர்ந்து தோட்டத்துத் தமிழே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அவருடைய அப்பாவின் தமிழ் வெளியே வரும்.

முதல் டவருக்கு ஆண்டெனா தேர்ந்தெடுத்த நாள்களில் அதை நிறையக் கேட்டோம். எங்களுக்குத் தேவைப்பட்டது செக்டர் ஆண்டெனா. டவரில் நின்றபடி ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் அலை அனுப்பும் நீளமான பலகை அது. விற்பனையாளர் காட்டியவற்றில் மிகத் தூரம் எட்டக்கூடியதை வாங்கலாம் என்றேன். அன்றைக்கு அக்கா கோபப்படாமலே மறுத்தார்.

"சக்தி புதுசா எங்கேருந்தும் வராது, நடேசன். மேலயும் கீழயும் போறதைப் பிடுங்கித்தான் தூரத்துக்குக் குடுக்கிறாங்க. டவருக்கு அடியில இருக்கிற வீட்டுக்காரங்க என்ன செய்வாங்க?"

டவர் நின்றது ஒரு மேட்டில். அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், அதைச் சுற்றி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். எங்களிடம் முதலில் பணம் கட்டி இணைப்புக் கேட்டவர்கள் அந்த லயத்துக்காரர்கள்தான். ஆகவே நடுத்தர வலுவுள்ள, இரண்டு அலைவரிசைகளும் ஒரே பலகையில் அடங்கிய ஆண்டெனாவை அக்கா தேர்ந்தெடுத்தார். தாழ்ந்த அலைவரிசை இலைகளுக்குள் ஓரளவு நுழைந்து போகும். உயர்ந்தது, மறைப்பில்லாத வீடுகளுக்கு வேகமாகக் கொடுக்கும். டவர் வேறொருவருடையது, பலகை குறைந்தால் காற்றின் இழுப்பும் குறையும், வாடகையும் குறையும். எனக்கும் முத்துவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

சில மாதங்களில் சரோஜா அக்கா அலுவலகத்துக்கு வந்து நின்றார். அடிவார லயத்தில் குடியிருப்பவர், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய மகள் டிப்ளோமா படிப்பின் பரீட்சையை வீட்டிலிருந்து இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துவிட்டது.

"பாதி பரீட்சையில அந்து போச்சு. திரும்ப வரவே இல்ல. விளம்பரப் பேப்பர்ல மட்டும் காட்டுக்குள்ளயும் கிடைக்கும்னு போடுறீங்களே, அது எந்தக் காடு?"

மழையையும் மரத்தையும் சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன். கிரேஸ் அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்மா."

மறுநாள் அளவுக் கருவியோடு அந்த வீட்டுக்குள்ளும் லயத்து வரிசையிலும் வெகுநேரம் நடந்தார். காரணம் பிடிபட்டது. தூரத்து வீடுகளுக்கு வேகம் போதவில்லை என்று பலகையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தோம். ஒரே பலகை என்பதால் தாழ்ந்த அலைவரிசையும் கூடவே நிமிர்ந்து, லயத்தின் தலைக்கு மேலே போய்விட்டது. ஒன்றை விட்டு ஒன்றைச் சாய்க்க வழியில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கிரேஸ் அக்கா சரோஜா அக்காவிடம் சொன்னது இது: "மரத்து மேல பழி இல்லம்மா. மரம் எங்களுக்கு முன்னாடியே இங்க இருக்கு. நான் வாங்கின ஆண்டெனா இந்த இடத்துக்குச் சரியில்ல. தப்பு என்னுது."

சரோஜா அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. "அதைச் சொல்லி இப்ப என்னா செய்ய? பரீட்சை போச்சே."

"அதை என்னால திருப்பித் தர முடியாது. காலேஜுக்கு நான் வந்து பேசுறேன்."

பேசவும் செய்தார். அறுந்தது எங்கள் பக்கத்தில்தான் என்று கல்லூரிக்காரர்களிடம் நேரில் போய் விளக்கினார். அடுத்த தவணையில் அந்தப் பாடத்தை மறுபடி எழுத அவர்கள் அனுமதித்தார்கள்.

அலைவரிசைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பலகை மாட்டிவிட வேண்டும் என்பது அக்காவின் முடிவு. அதற்கு ஆகும் செலவுக்கு, டவுன் பக்கம் போடவிருந்த இரண்டாவது டவரைத் தள்ளிவைக்க வேண்டும். முத்து கொதித்துவிட்டார்.

"ஒரு லயத்துக்காக டவரையே விடுறதா? டவுன்ல வேற கம்பெனி உள்ள வந்துருவான்லா."

"வரட்டும். நீங்கள் சொல்லுறது விளங்குது, முத்து. ஆனா இங்க பிழையாக் கிடக்கிறதை வச்சுக்கொண்டு அங்க போய் என்னெண்டு விக்கிறது?"

அப்பாவின் தமிழ் வந்துவிட்டது; முடிவு இனி மாறாது என்று எனக்குத் தெரிந்தது. முத்து முறைப்போடு போய் டவரில் ஏறினார். கிரேஸ் அக்கா சரோஜா அக்காவின் வீட்டுக்குள் நின்று வாக்கி டாக்கியில் "இன்னும் கீழ", "இன்னும்", "போதும்" என்பார். முத்துவிடமிருந்து "ம்" மட்டும் வரும். அன்றைக்கு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். லயத்தில் சிக்னல் நிலைத்தது. முத்து பயந்தபடியே டவுனில் ஒரு பெரிய நிறுவனம் நுழைந்துவிட்டது. நாங்கள் சிறிய நிறுவனமாகவே இருந்துவிட்டோம். பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசாத முத்து, தீபாவளிக்கு முறுக்கோடு மெர்கோங்கில் அக்கா வீட்டுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வந்தது. டவரைப் பற்றி இருவரும் மறுபடி பேசியதாக எனக்குத் தெரியாது.

சில வருஷங்கள் கழித்து அக்கா நோயில் விழுந்தார். அது முற்றி வீட்டோடு தங்கிய பிறகு நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். அலோர்ஸ்டாருக்கு வெளியே வயல் நடுவில் ஒரு புதிய டவர் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மரமில்லாத வெட்டவெளி, அங்கே இரட்டை அலைவரிசைப் பலகையே போதும் என்பது என் எண்ணம். அக்கா படுத்தபடியே மறுத்தார்.

"நடவுக்குத் தண்ணி கட்டினா அலை அதுல பட்டுத் திரும்பும். அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்க்கா. அதுக்கும் இதுவே தாங்கும்."

"முதல்ல அந்த வீடுகளுக்குப் போங்க. எந்த இடத்துல உக்காந்து போன் பாக்கிறாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்."

அந்தச் சண்டைக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

அடக்கத்தன்று சரோஜா அக்கா லயத்துக்காரர்களோடு ஒரு வேனில் வந்திருந்தார். மகளும் உடன் வந்தாள். படிப்பை முடித்து இப்போது கூலிமில் வேலை பார்க்கிறாள். பெட்டியைத் தூக்கியவர்களில் முத்துவும் ஒருவர். திரும்பும் வழியில், "என்மேல அவங்க கோவத்தை மனசுல வச்சுக்கிட்டதே இல்லலா, நான்தான் வச்சிருந்தேன்" என்றார்.

வயல் டவருக்கு நான் இரட்டை அலைவரிசைப் பலகையைத்தான் வாங்கினேன். அக்காவின் தீர்மானங்களில் சிலவற்றை இன்றும் நான் ஏற்கவில்லை. அவர் போகச் சொன்ன இடத்துக்கு மட்டும் போனேன். கடைசி வீட்டில் ஒரு மலாய்க்கார மாக்சிக், வயதான அம்மா ஒருவர், இருந்தார். எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். இதையெல்லாம் யாரும் வந்து கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, பின்வாசல் படிக்கட்டைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து பார்த்தேன். டவர் நேரே தெரிந்தது, இடையில் தண்ணீர் நின்ற வயல். பலகையை எவ்வளவு சாய்ப்பது என்று அந்தப் படியில் இருந்தபடியே முத்துவுக்குச் சொன்னேன். அக்கா அதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பார். அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கிற பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது.